பொட்டு வைத்த கையுறை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் வண்ணார்பேட்டை வியாபாரிகள் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய சிவசண்முகம் அண்ணாச்சி அவர்களே, மறைந்த எங்கள் முதலாளியின் ஒரே மகன் தம்பி குமரகுருபரன் அவர்களே, மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் கொக்கிரகுளத்திலிருந்தும் தினம் பஸ் ஏறி வந்து என்னோடு வேலை பார்க்கும் என் உடன்பிறவாத சகோதரிகளே, எங்கள் முதலாளி அண்ணாச்சியின் மேல் வைத்த அன்புக்காகக் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் அன்னத்தாய். வடிவம்மை கையுறைப் பட்டறையில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குத் தைத்து வருகிற உருப்படிகளை எண்ணிப் பார்த்துக் கட்டி அனுப்புவது என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. பேச்சு தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் முதலாளி திரு. குற்றாலலிங்கம் அவர்களை இந்த ஊர் எந்தப் பேரைச் சொல்லி அழைத்தது? 'ஒத்தக்கை அண்ணாச்சி'. ஒரு கைக்கு மட்டும் உறை தைக்கிற மனுஷன் என்று சிரிப்புக்கு வைத்த பேர் அது. டீக்கடையில் சொன்னார்கள், பேங்கில் சொன்னார்கள், அவர் காதுபடவும் சொன்னார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இன்று அதே பேரை நான் பட்டமாகச் சொல்கிறேன். நம் ஒத்தக்கை அண்ணாச்சி ஆனி பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, பட்டறை மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இந்த வருஷத் தேரைப் பார்க்காமலே போய்விட்டார். நம் வடிவம்மையான காந்திமதி அம்மன் அவரைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி குமரகுருபரன் ஒன்று சொன்னார். ஆடி முடிவதற்குள் பட்டறையை மூடிவிட்டுக் கட்டடச் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்கக் குறைந்துகொண்டே வருகிறார்கள், பெரிய பெரிய கம்பெனிகளே மட்டை செய்வதை விட்டுவிட்டன, அப்பா வற்றுகிற குளத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தார் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறவர். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதற்கு நான் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கும் ஒன்றை இந்தச் சபையில் இறக்கி வைக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதம். வெளிநாட்டில் பேர் பெற்ற ஒரு கம்பெனி நமக்கு முதல் ஆர்டர் கொடுத்தது. ஆட்டுத்தோலில் கோல்ஃப் கையுறை. அத்தனையும் இடது கைக்கு மட்டும். கடிதத்தை அண்ணாச்சி வாசித்துக் காட்டியபோது பட்டறையே சிரித்தது. "வெள்ளக்காரனுக்கு ஒத்தக் கைதானா அண்ணாச்சி? இன்னொண்ண என்ன செஞ்சான்?" என்று கேட்டாள் ஹமீது பீவி அக்கா. அவள்தான் அன்றும் இன்றும் எங்கள் வெட்டுக்காரி. தோலைக் கையால் தடவியே எது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவாள். வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டையை இறுக்கிப் பிடிப்பது இடது கையால், அதனால் அந்தக் கைக்கு மட்டும்தான் உறை வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பூஜை போட்டு வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு தோல் பார்த்து வாங்க அவர் ஆம்பூருக்குப் புறப்பட்டார். தோலை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனி அனுப்பிய மாதிரியையும் பையில் எடுத்துப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதன்முதலாக ஏற்றுமதிக்கு ஒரு வேலை. எடுத்த எடுப்பிலே இடது கையா? ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும் வலது காலை வைக்கிறோம். திருநீற்றை வலது கையில் வாங்குகிறோம். பிள்ளைக்கு ஒரு வாய் சோறு இடது கையால் ஊட்டுவோமா? யாரிடமும் கேட்காமல் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், சாமிக்கு ஒன்றே ஒன்று வலது கைக்குத் தைத்து வைப்போம், அப்புறம் அவர்கள் கேட்டபடி தைப்போம் என்று. நானே மிஷினில் உட்கார்ந்து தைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து, வடிவம்மை படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாளிலிருந்து திங்கள் மத்தியானம் வரை மாமியாருக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டேன்.

கையுறை வெட்டுகிற அட்டை இருக்கிறதே, அதைத் திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். எந்தப் பக்கம் போடுவது என்பதற்கு மாதிரியைப் பார்க்க வேண்டும். மாதிரி ஆம்பூரில் இருக்கிறது. ஹமீது பீவி அக்கா என்ன செய்தாள்? சாமி மாடத்தில் இருந்ததைப் பார்த்தாள், அதன்படி வெட்டினாள். உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் தைப்போம் என்பதால் எது எந்தக் கை என்று மற்றவர்களுக்கும் பிடிபடவில்லை. மூன்றே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு உருப்படி. எல்லாம் வலது கை.

திங்கள்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். ஒன்றை எடுத்தார். தன் இடது கையில் நுழைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அந்தக் கைக்குச் சேரவில்லை.

"இது யாரு வெட்டுனது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் அண்ணாச்சி. சாமிகிட்ட வச்சிருந்ததப் பாத்துத்தான் வெட்டுனேன். அதுல பொட்டு வச்சிருந்துச்சுல்லா? அதான் பாஸான பீஸுன்னு நெனச்சேன்."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. அண்ணாச்சி சாமி மாடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'பொட்டு வைத்தவள் நான், வலது கைக்குத் தைத்தவளும் நான்' என்று அப்போது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றேன். கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, தப்பு தன்னுடையது, பத்து நாள் பொறுக்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். புதுத் தோல் வாங்க ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த அவருடைய வாழைத்தோட்டம் போனது. அந்த வாழையைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஆனால் பட்டறையில் அந்தத் தப்பு யார் பேரில் நின்றது? ஹமீது பீவி பேரில். பன்னிரண்டு வருஷமாகப் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "பீவிக்கிட்ட மட்டும் பொட்டு வச்சுக் குடுத்துராத" என்று கேலி பேசுகிறோம். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். அக்கா, இந்தச் சபை அறியச் சொல்கிறேன். பொட்டு வைத்தது நான். என்னை மன்னித்துக்கொள்.

பெரியோர்களே, அந்த அறுநூற்றுப் பன்னிரண்டையும் அண்ணாச்சி கழித்துக் கட்டவில்லை. தகரப் பெட்டி நாலு வாங்கி அடுக்கி வைத்தார். வருஷா வருஷம் சித்திரையில் நிழலில் பரப்பி, காற்றாட விட்டு, மறுபடியும் அடுக்குவோம். எதற்கு இந்த வீண்வேலை என்று நாங்கள் முணுமுணுப்போம். "ஆட்டுத் தோலு. ஒரு உயிரு போட்ட சட்ட. தூர எறிய மனசு வரல" என்பார்.

அதற்குப் பிறகு நல்ல காலம் வந்தது. மாதம் பன்னிரண்டாயிரம் கையுறை. முப்பத்தோரு பெண்களுக்கு வேலை. ஆனால் எங்களில் ஒருத்தி கூட கோல்ஃப் ஆடிப் பார்த்தது இல்லை. யாருக்குத் தைக்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்று சொல்லி, இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு வேன் பிடித்து எல்லோரையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனார். வேலிக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தோம். பச்சைப் பசேல் என்று கண்ணுக்கு எட்டும் தூரம் புல். ஒரு மனுஷர் அடித்த பந்து எங்கே போனது என்றே தெரியவில்லை.

"இம்புட்டு எடத்துல இத்தனூண்டு பந்தா? தொலஞ்சுல்லா போவும்" என்றாள் ஹமீது பீவி அக்கா.

"தொலைக்கத்தான் வாங்குதாவ, பீவி" என்றார் அண்ணாச்சி.

வேலியே குலுங்கும்படி சிரித்தோம். ஆனால் திரும்பி வரும்போது அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வத்தலக்குண்டு தாண்டிய பிறகு, என்ன யோசனை என்று கேட்டேன். ஆடியவர்களை எண்ணினாயா என்று கேட்டார். நான் எண்ணாமல் இருப்பேனா? பத்தொன்பது பேர் என்றேன். அதில் நரைக்காத தலை எத்தனை என்றார். யோசித்துப் பார்த்தேன். ஐந்து. "இன்னும் பதினஞ்சு வருஷத்துல இந்த வெளாட்ட யாரு வெளாடுவா, அன்னம்?" என்றார்.

எந்தப் பெரிய படிப்பும் படிக்காத மனுஷர், ஒரு வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டார். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் கொடுக்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏது பொழுது? அங்கே மைதானங்கள் வீட்டு மனை ஆகின்றன என்று கம்பெனிக்காரரே கடிதம் எழுதினார். பன்னிரண்டாயிரம் ஏழாயிரம் ஆனது. ஏழு மூன்றானது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அந்தக் கம்பெனியையே இன்னொருவர் வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அதோடு ஆர்டர் நின்றது.

அன்று அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது இப்போதும் என் காதில் நிற்கிறது. "ஆடுத ஆளு கொறைஞ்சா மட்ட விக்காது. மட்ட விக்கலேன்னா பேர வித்துருவான். பேர வாங்குனவனுக்கு நம்மளத் தெரியாது. அவனக் குத்தம் சொல்லி என்ன செய்ய? நமக்கு வித்துட்டுப் போகப் பேரா இருக்கு? கைதான் இருக்கு." இருபது பேர் அன்றைக்கே கணக்கு முடித்துப் போனார்கள். ஒவ்வொருத்தியையும் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தார்.

மிச்சம் பதினொரு பேர். அதில் ஒருத்தி செல்லக்கிளி. அதோ மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. மாமியார் வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து வலது கையால் வேலை செய்வாள். தையல் கோணும். கத்திரி பிடித்தால் கை நடுங்கும். திட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் யாரும் பார்க்காதபோது இடது கையால் நூல் வெட்டிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். "எந்தக் கை வருதோ அந்தக் கையில செய்யிளா. அதுவும் சாமி குடுத்ததுதானே?" என்று சொல்லி, சென்னைக்கு ஆள் விட்டு, இடது கைக்காரர்களுக்கென்று செய்த கத்திரி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். அப்படி ஒரு கத்திரி உலகத்தில் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

ஆர்டர் நின்ற அந்தச் சித்திரையில், வேறு வேலை இல்லாமல் தகரப் பெட்டியைத் திறந்து கையுறைகளை நிழலில் பரப்பிக்கொண்டிருந்தோம். செல்லக்கிளி ஒன்றை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, அங்கன என்னய மாதிரி நொட்டாங்கைக்காரன் ஒருத்தன் ஆடுனா, அவன் இதத்தான போடுவான்?"

நாலு வருஷம், சகோதரிகளே! நாலு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்கிறோம், மூடுகிறோம். முப்பது பேருக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவே அகராதியை வைத்துக்கொண்டு நான் வெளிநாட்டு கோல்ஃப் சங்கங்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆரம்பித்தேன். பிழையோடுதான் எழுதினேன். இடது கைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் பதில் போட்டது. விறைத்துப்போன இருபத்தேழைக் கழித்து, மீதி ஐந்நூற்று எண்பத்தைந்தும் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தன. ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: கடைக்குப் போனால் மற்றவர்களுக்கு இருபது அளவில் இருக்கும், எங்களுக்கு மூலையில் ஒன்று தொங்கும், அது சேர்ந்தால் என் அதிர்ஷ்டம், நாற்பது வருஷத்தில் என் கைக்குச் சேர்ந்த முதல் உறை இது என்று. அடுத்த தடவைக்காகத் தன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தும் அனுப்பியிருந்தார்.

அந்தக் காகிதத்தை அண்ணாச்சி ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். இனிமேல் கேட்கிற ஒவ்வொருவரையும் இப்படிக் கையை வரைந்து அனுப்பச் சொல், ஒவ்வொருத்தர் கைக்கும் தைப்போம், பெரிய கம்பெனி குனிந்து பொறுக்காத சிந்தல் தானியம் இது, நம்மை மாதிரிக் குருவிக்கு இது போதும் என்றார். கையுறையின் பட்டையில் நம் ஆற்றின் பேரைப் போட்டார். பொருநை. வாயில் நுழைகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் பேர் வைக்கச் சொன்னவர்களிடம், "கையி நொழஞ்சாப் போதும் வே" என்றார்.

எல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பி, மெதுவாக ஒன்று சொன்னார். "அன்னம், சாமிக்கு வச்சது வீண்போகலல்லா."

அவருக்குத் தெரியும். அந்தத் திங்கள்கிழமை சாமி மாடத்தைப் பார்த்த அந்த நிமிஷமே தெரியும். வாழைத்தோட்டம் போனபோதும் தெரியும். தெரிந்தும் ஒரு சொல் கேட்காமல், ஒரு முகச்சுளிப்பு காட்டாமல் நாலு வருஷம் என்னை வேலைக்கு வைத்திருந்தார். இப்படி ஒரு முதலாளியை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

தம்பி குமரகுருபரன் அவர்களே, இப்போது உங்களுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஆடுகிறவர்கள் குறைகிறார்கள். முப்பத்தோரு பேராக இருந்த நாங்கள் பதினொரு பேர் ஆனோம். அதை நான் மறைக்க மாட்டேன். நாளைக்கு எங்கள் பதினொரு பேரில் கடைக்குட்டி நிலோஃபர் மாதிரி ஒரு சின்னப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், இதில் உன் காலம் முழுக்க ஓடும் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

ஆனால் என்னிடம் மூன்று நோட்டு இருக்கிறது. கை நோட்டு என்போம். எட்டு வருஷத்தில் வந்த ஒவ்வொரு பென்சில் கையும், பேரோடும் ஊரோடும் அதில் ஒட்டியிருக்கிறது. இதுவரை இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு கைகள். அதில் இறந்துபோனவர்கள் முப்பத்தெட்டு. பிள்ளைகள் எழுதித் தெரிவித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் கோயிலில் ஒரு விளக்கு போட்டேன். ஆட்டத்தை விட்டவர்கள் நூற்று அறுபத்தொன்று. மீதி இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு பேரும் மறுபடியும் கேட்டு எழுதியவர்கள். உலகத்தில் எத்தனை பேர் ஆடவில்லை என்பது நீங்கள் பார்த்தது. யார் யார் இன்னும் ஆடுகிறார்கள் என்பது உங்கள் அப்பா பார்த்தது. இரண்டும் சரிதான். விரல் வீங்கிய கை, ஒரு விரல் இல்லாத கை, சின்னப் பெண்பிள்ளையின் கை எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்கு வேறு யார் தைப்பார்கள்? குளம் வற்றுகிறது என்றீர்கள். சரி. வற்றுகிற குளத்தில் கடைசி மடை வயலுக்கு யாராவது மண்வெட்டியோடு நிற்க வேண்டும் அல்லவா? நாங்கள் நிற்கிறோம் தம்பி. உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. சாவியை மட்டும் கேட்கிறோம். வாடகையைப் பதினொரு பேரும் பங்கு போட்டுக்கொள்வதாக நேற்று ஹமீது பீவி அக்கா வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம்.

இப்போதே பதில் சொல்ல வேண்டாம். அப்பாவை இழந்த பிள்ளையைச் சபையில் வைத்து நெருக்குவது பாவம். நாளை மறுநாள் ஆடி முதல் வெள்ளி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். நாங்கள் தொடங்கப் போவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரப் போகிறோம். அவர் கையால் தோல் பொறுக்கி வைத்த முந்நூற்று நாற்பது உருப்படி இன்னும் வெட்டாமல் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பதினொரு பேரும் மாடிப்படியில் நிற்போம். அண்ணாச்சி கடைசியாக உட்கார்ந்த அந்தப் படியை மட்டும் விட்டுவிட்டு மற்றப் படிகளில் நிற்போம். கதவு திறந்தால் அதுவே உங்கள் பதில்.

கதவு திறந்தால், வடிவம்மை படத்துக்கு முன்னால் அந்தப் பொட்டு வைத்த கையுறை இருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் வேலை வலது கையில்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அண்ணாச்சியின் திருவடியை நினைத்து, அம்மன் சாட்சியாக, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு முதல் தோலைச் செல்லக்கிளி வெட்டுவாள்.

அவளுடைய இடது கையால் வெட்டுவாள்.